முப்பது, எண்பத்தேழு

போன மாசம் நேரடியாகத்தான் இழுத்தேன்.
பேட்டரியிலிருந்து சுவிட்சுக்கு,
சுவிட்சிலிருந்து பம்பர் விளக்குக்கு.
வீட்டு ஃபேன் சுவிட்ச், பதினெட்டு ரூபாய்.
சிக்கல் தாண்டுவதற்குள்
டேஷ்போர்டில் கருவாடு சுட்ட வாசம்.
தொட்டால் வெல்லப்பாகு மாதிரி
விரலோடு வந்தது சுவிட்ச்.
குட்டியானையின் பின்னால் எட்டுப் பெட்டி நண்டு,
பாதி உயிரோடு,
என்னைவிட நிதானமாக.

இந்த முறை கீழக்கரையில் ரிலே வாங்கினேன்.
தீப்பெட்டியைவிடச் சின்னக் கறுப்புப் பெட்டி,
அடியில் நாலு பல்:
முப்பது, எண்பத்தைந்து, எண்பத்தாறு, எண்பத்தேழு.
நடுவில் உள்ள நம்பரெல்லாம் எங்கே என்று கேட்டேன்.
சகுபர் சில்லறையை எண்ணிக்கொண்டே
"அதெல்லாம் வேற வண்டியில வேலை பார்க்குது" என்றார்.

ஞாயிறு. லோடு இல்லை.
சீமைக்கருவேலத்தின் கிழிந்த நிழலில் வண்டியை விட்டு
முதலில் நெகட்டிவ்வைக் கழற்றினேன்.
பேட்டரியிலிருந்து ஒரு சாணில் ஃபியூஸ்.
தடித்த சிவப்பு முப்பதுக்கு.
எண்பத்தேழிலிருந்து விளக்கு ரெண்டுக்கும் மஞ்சள்.
ஒல்லி ஒயர் மட்டும் தகரத்தைத் துளைத்து உள்ளே வந்தது;
தகரம் அதைக் கடித்துவிடாமல்
பழைய ஹவாய் செருப்பை வட்டமாக வெட்டிச் செருகினேன்.
சுவிட்சுக்குள் ஓடுவது
கொசுவளவு கரண்ட்தான்.
அது போய் ஒரு வார்த்தை சொல்கிறது,
வெளியே பெரியது எழுந்து நிற்கிறது.
நண்டுக்கு விலை வைப்பதும் அப்படித்தான்.
எங்கேயோ ஒருத்தன் விரலை அசைப்பான்,
இங்கே இருபது வல்லம் கரையேறிக் கிடக்கும்.

எர்த்துதான் படுத்தியது.
எங்கள் பக்கம் இரும்பு தவணையில் வாங்கிய பொருள்,
மாசாமாசம் காற்று வந்து வசூலிக்கும்.
போல்ட்டைக் கழற்றினால் துரு,
துருவுக்கு அடியிலும் துரு.
உப்பு தின்றதை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன்,
ஒரு ரூபாய் அகலத்துக்கு
வெள்ளை தெரியும்வரை.
முறுக்கி, கிரீஸ் அப்பி, மூடி,
சாவி போட்டு, சுவிட்சைத் தட்ட,
டிக்.
வேலியில் ஓர் ஓணான் திரும்பிப் பார்த்தது.

ராத்திரி மூன்றரை. வாலிநோக்கம் பாதை.
ரெண்டு பக்கமும் பாத்தி.
டிக்.
உப்புக் குவியலெல்லாம்
ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்தன.
அறுந்த கயிறு, ஒற்றைச் செருப்பு, நாய், பள்ளம்
எல்லாம் தூரத்திலேயே
பேர் சொல்லிக்கொண்டு வந்தன.
பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல.

அப்புறம் அவர்கள்.
வெயிலுக்கு முந்திப் பாத்திக்குப் போகும் பெண்கள்,
ஏழெட்டுப் பேர், தோளில் உப்பு வாரும் பலகை.
வெளிச்சம் மோதியதும்
நின்ற இடத்தில் நின்றார்கள்.
ஒருத்தி பலகையை முகத்துக்குக் குறுக்கே பிடித்தாள்.
"எவன்டா அது,
சூரியனை முன்கூட்டியே கொண்டாந்தவன்?"
முத்திருளாயி. எங்கள் தெருதான்.
பகலெல்லாம் வெள்ளையைப் பார்த்து
கண் கரிக்கிறவளுக்கு
இந்த அரைமணி நடையில்தான் நிழல்.

டிக்.
இருட்டு திரும்பி வந்து
அவரவரை அவரவர் இடத்தில் வைத்தது.
பார்க்கிங் விளக்கில் ஊர்ந்தேன்.
செருப்புச் சத்தங்கள் கடந்து போயின.
யாரோ வண்டியின் பக்கப்பலகையில்
ரெண்டு தட்டு தட்டினார்கள்,
திட்டா, சரியா, தெரியவில்லை.

இத்தனை நாள் சுவிட்ச் என்றால்
போடுவதற்கு என்றே நினைத்திருந்தேன்.
ரிலேவுக்கு ரெண்டும் ஒன்று.
போட்டாலும் டிக், அணைத்தாலும் டிக்.

ஒரு வாரம் கழித்துத் தண்ணீர்க் குழாயடியில்
குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே
முத்திருளாயி சொன்னாள்:
"மூணாவது மதகுகிட்ட மட்டும் போடு.
அங்க விரியன் கெடக்கு."